கேளுங்கள், சொல்கிறேன்: கனவின் வாலைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: இரவு பெரிய கனவு ஒன்று கண்டது மட்டும் தெரிகிறது. பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் எல்லாம் போய்விடுகிறது. என் அக்காவோ சினிமாக் கதை மாதிரி வரிசையாகச் சொல்கிறாள். கனவை ஞாபகம் வைத்துக்கொள்ள வழி உண்டா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: பல் தேய்க்கும் வரை அது உங்களுக்காகக் காத்திருக்குமா அம்மா?

நான் 28 வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் ஆபரேட்டராக இருந்தவள். நைட் டூட்டியில் பாதிப் பேர் போர்டில் உட்கார, பாதிப் பேர் ஓய்வறையில் படுப்போம். விடிகாலை நான்கு, நாலரைக்கு ஆள் மாற வேண்டும். என்னை எழுப்ப வரும் அக்கா குரல் கொடுக்க மாட்டார். மற்றவர்கள் விழித்துவிடுவார்களே! கால் பெருவிரலை மட்டும் லேசாகத் தொடுவார். கண்ணைத் திறப்பதற்கு முன்பே கனவு முழுசாகக் கையில் இருக்கும். வீட்டில் படுத்தால் ஒன்றுமே இருக்காது. அலாரம், பால்காரர் மணி, குழந்தையின் அழுகை, அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

காரணம் வேறு. நம் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும், மூடிய இமைக்குள் கருவிழி அங்குமிங்கும் ஓடும் நேரம் ஒன்று வரும். சிகாகோவில் யூஜீன் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தன் எட்டு வயது மகனின் தலையில் ஒயர்களை ஒட்டி விடிய விடிய உட்கார்ந்து பார்த்தது இதைத்தான். 1953-இல் தன் பேராசிரியர் கிளைட்மனோடு சேர்ந்து அதை வெளியிட்டார். அந்த நேரத்தில் எழுப்பினால் நூற்றுக்குச் சுமார் 80 தடவை ஆட்கள் கனவைச் சொல்லிவிடுகிறார்கள். என் பெருவிரல் தொடப்பட்டதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் இருந்திருக்கும்.

ஏன் மறக்கிறது? நடப்பதை மூளையில் பதிய வைக்க உதவும் நோரெபினெஃப்ரின் என்ற ரசாயனம் அந்த நேரத்தில் மிகவும் குறைந்துவிடுகிறது. அதனால் விழித்த பிறகு கிடைக்கும் ஓரிரு நிமிடம்தான் நமக்கு. அதற்குள் வேறு எதிலாவது மனம் போனால் கனவு அம்பேல்.

ஆகவே விழித்ததும் அசையாதீர்கள். எந்தப் பக்கம் படுத்திருந்தீர்களோ அப்படியே கிடங்கள், கண்ணைத் திறக்க வேண்டாம், போனைத் தொடவே வேண்டாம். ‘என்ன கனவு?’ என்று மனதை விரட்டினால் வராது. பயந்தேனா, அவசரத்தில் இருந்தேனா, யாரையாவது தேடினேனா என்று பாருங்கள். கடைசித் துண்டு ஏதாவது சிக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ‘இதற்கு முன்னால்?’ ‘அதற்கும் முன்னால்?’ என்று பின்னாலேயே போக வேண்டும். ஒன்றும் வரவில்லையென்றால் மெதுவாக மறுபக்கம் திரும்பிப் பாருங்கள். எனக்குப் பல நாள் அதில் கிடைத்திருக்கிறது.

கிடைத்ததை உடனே எழுதுங்கள். நான் எழுதியது ட்ரங்க் டிக்கெட்டின் (வெளியூர் அழைப்பைக் குறித்து வைக்கும் சீட்டு) பின்பக்கத்தில், பென்சிலால், மூன்றே சொல். ‘தெப்பக்குளம், எருமை, ரசீது’ என்று ஒன்று. மூன்று சொல்லுக்குள் முழுக் கனவும் இருந்தது: தெப்பக்குளத்து நடுவில் பெரியப்பா நின்று எருமைகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ரசீது கேட்கிறார். அந்தச் சீட்டு எப்படியோ கணக்குக் கட்டோடு போய்விட்டது. மறுநாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டு, “இந்தத் தெப்பக்குளம் எந்த எக்ஸ்சேஞ்ச்?” என்றார்.

ஆனால் படிக்கிற மாதிரி எழுதுங்கள். ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி என்று ஒரு விஞ்ஞானி. ஒரு ராத்திரி கனவில் ஒரு பரிசோதனை தோன்ற, அரைத்தூக்கத்தில் காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை! அந்த நாளெல்லாம் தவித்திருக்கிறார். அடுத்த ராத்திரி மூன்று மணிக்கு அதே யோசனை திரும்ப வந்தது. இந்தத் தடவை காகிதத்தை நம்பவில்லை, நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடி இரண்டு தவளை இதயங்களை வைத்துச் செய்து பார்த்துவிட்டார். நரம்பு தன் செய்தியை ரசாயனத்தால் அனுப்புகிறது என்று காட்டிய அந்தச் சோதனை 1921-இல் வெளியானது. 1936-இல் நோபல் பரிசில் பங்கும் வந்தது. எல்லாருக்கும் கனவு இரண்டாம் தடவை வராது, பாருங்கள்.

கேள்வி: விடியற்காலைக் கனவு பலிக்கும் என்கிறார்களே, உண்மையா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: பலிப்பது பற்றி எனக்குத் தெரியாது. அந்தக் கனவுதான் ஞாபகத்தில் நிற்கிறது என்பது தெரியும். நான் சொன்ன கண் ஓடும் நேரம் முன்னிரவில் சில நிமிடம்தான். விடியும்போது அரை மணியைத் தாண்டும். நீளமான கனவு, முடிந்த கையோடு விழிப்பு. பத்து மணிக் கனவு பலித்திருந்தாலும் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது? இரவில் குடிப்பவர்களுக்கு முன்னிரவுக் கனவு இன்னும் குறையும். அலாரம் வைத்து ஐந்து மணிக்கு எழுபவர்கள் கடைசிக் கனவைப் பாதியில் வெட்டுகிறார்கள். விடுமுறை நாளில் தானாக விழிக்கும் வரை தூங்குங்கள், அன்றைக்கு எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: கனவில் பல் விழுந்தால் என்ன பலன்? (சேலம்)

பதில்: பலன் சொல்லும் பக்கம் வேறு. அடிக்கடி வந்தால், ராத்திரியில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்களா என்று கூடப் படுப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு வயது 61. தூக்கத்தில் கத்துகிறார், உதைக்கிறார். எழுப்பினால் யாரோ துரத்திய கனவு என்று தெளிவாகச் சொல்கிறார். நல்ல ஞாபகசக்திதானே? (திண்டுக்கல்)

பதில்: இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கனவு நேரத்தில் உடம்பின் தசைகளுக்கு இயற்கை ஒரு பிரேக் போட்டு வைத்திருக்கிறது. கனவில் ஓடினாலும் கால் கட்டிலிலேயே கிடப்பது அதனால்தான். அந்தப் பிரேக் தளர்ந்தால் இப்படி ஆகும். ஐம்பதைத் தாண்டிய ஆண்களிடம் கூடுதலாகப் பார்க்கப்படுகிறது. சிலருக்குப் பார்கின்சன் நோய்க்குப் பல வருடம் முந்திய அறிகுறியாகவும் இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துப்போங்கள். சில மாத்திரைகளாலும் இது வரும். அதுவரை கட்டில் ஓரத்துக் கண்ணாடி டம்ளர், மேசை விளக்கு எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள்.

கேள்வி: கனவு நோட்டு போட்டு நான்கு நாளாயிற்று. ஒரு வரி கூட இல்லை. விட்டுவிடலாமா? (தாம்பரம்)

பதில்: வெறும் பக்கமாக விடாதீர்கள், தேதி போட்டு ‘ஒன்றுமில்லை’ என்றாவது எழுதுங்கள். ரிட்டயர் ஆன பிறகு, எழுப்பப் பெருவிரல் அக்கா இல்லாமல், நான் மறுபடி ஆரம்பித்தபோது முதல் ஆறு நாளும் அதைத்தான் எழுதினேன். ஏழாம் நாள் ‘மஞ்சப்பை’ என்று ஒரே ஒரு சொல். அது யாருடைய பை என்று இன்று வரை தெரியவில்லை.