முதல் ரெப் வேலை, டாக்டர் ரூம் வாசல்லயே கை நடுங்குது: உங்க கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம் மக்களே. 2005ல மதுரையில மெடிக்கல் ரெப்பா சேர்ந்தேன், 11 வருஷம் பேக் தூக்கினேன், அதுக்கப்புறம் ஏரியா மேனேஜரா புதுப்பசங்க கூடவே சேர்ந்து டாக்டரைப் பாக்க, அதாவது ஜாயின்ட் ஒர்க், போய்ட்டு இருக்கேன். நல்லா வரவேண்டிய பசங்க பயத்துனாலயே மூணாவது மாசம் பேப்பர் போட்டுட்டுப் போறத பாத்துப் பாத்து மனசு கஷ்டமாயிடுச்சு, அதான் இந்தப் பயத்தைப் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு புது ரெப்புங்ககிட்ட சொன்னேன். வந்த கேள்விகளுக்கு வரிசையா சொல்றேன்.

திண்டுக்கல், சேர்ந்து 12 நாள்: அண்ணே, ட்ரெய்னிங்ல ரோல் ப்ளே எல்லாம் நல்லாத்தான் பண்ணேன். ஆனா டாக்டர் முன்னாடி நின்னா மருந்து விவரத்தைக் காட்டுற விஷுவல் எய்ட் பிடிச்ச கை கடகடன்னு ஆடுது. நேத்து ஒரு டாக்டர் "என்னப்பா காய்ச்சலா"ன்னே கேட்டுட்டார். இது எப்ப நிக்கும்?

தம்பி, முதல்ல ஒண்ணு, அது உங்க தைரியக்குறைவு இல்ல. புது எடம், பெரிய மனுசன், பின்னாடி பத்து பேஷண்ட் முறைச்சுப் பாக்குறாங்க, உடம்பு அதை ஆபத்துன்னு எடுத்துக்கிட்டு அட்ரினலினை விடுது, அதனாலதான் நெஞ்சு படபடக்குது, வாய் வறளுது, கை நடுங்குது. நடுக்கம் நிக்கட்டும் அப்புறம் பேசலாம்னு காத்திருந்தீங்கன்னா அன்னைக்கு பூரா வெளியதான் நிப்பீங்க. நடுங்குற கையோடயே உள்ள போகணும்.

ஆனா அது வெளிய தெரியாம இருக்க சில வேலை இருக்கு. பேக்கை தோள்லயே தொங்கவிடாம தரையில வச்சிருங்க. விஷுவல் எய்டை அந்தரத்துல பிடிக்காதீங்க, கீழ் ஓரத்தை டாக்டர் டேபிள் விளிம்புல ஊனிக்கங்க, முழங்கையை விலாவோட ஒட்டி வச்சுக்கங்க. பேனாவை வச்சு ஒவ்வொரு வரியா காட்ட ட்ரெய்னிங்ல சொல்லிக் கொடுத்திருப்பாங்க, முதல் ரெண்டு மாசம் அந்தப் பேனா வேண்டாம், கை லேசா ஆடினாலே பேனா நுனி பெருசா ஆடும், அதைப் பாத்து உங்களுக்கே இன்னும் பயம் வரும். வெளிய காத்திருக்கும்போது நாலு எண்ணி மூச்சை இழுத்து ஏழெட்டு எண்ணுற வரைக்கும் மெதுவா விடுங்க, அஞ்சாறு தடவை. மூச்சை வெளிய விடும்போதுதான் இதயத்துடிப்பு இறங்கும், அதனால விடுறது நீளமா இருக்கணும்.

இன்னொண்ணு, டீடெயிலிங், அதாவது மருந்தைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்ற பேச்சு, அதை முழுசா மனப்பாடம் பண்ணாதீங்க. முதல் வாக்கியம், கடைசி வாக்கியம் ரெண்டை மட்டும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற மாதிரி வச்சுக்கங்க. முதல் வாக்கியம் வாயில வந்துட்டா மத்தது தானா பின்னாடி வரும், நடுவுல மறந்துபோச்சுன்னா நேரா கடைசி வாக்கியத்துக்குப் போயி நன்றி சொல்லிட்டு வந்துருங்க. நான் சேர்ந்த முதல் வாரம் உசிலம்பட்டியில ஒரு டாக்டர்கிட்ட ஒரு மாத்திரையோட டோஸை இன்னொரு மாத்திரைக்கு சொல்லிட்டேன், அவர் கோவப்படாம "போயி படிச்சிட்டு வாப்பா"ன்னார். பஸ் ஸ்டாண்டுல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன், அடுத்த டாக்டரைப் பாக்கவே போகல. அன்னைக்கு யாராவது என்கிட்ட "நீ அடுத்த மாசமும் அவரைப் பாக்கத்தான் போற, அப்ப சரியா சொல்லிக்கலாம்"னு சொல்லியிருந்தா எழுந்து போயிருப்பேன். ஒரு நாளைக்கு 10 டாக்டர், மாசம் 24 நாள்னு வச்சா 240 விசிட், அதுல ஒண்ணு கெட்டுப்போனா 239 மிச்சம் இருக்கு.

திருநெல்வேலி, ரெண்டு மாசம்: அண்ணே, ஒரு டாக்டர் கிட்னி பேஷண்ட்டுக்கு இந்த மாத்திரை குடுக்கலாமான்னு கேட்டார். தெரியல. பயத்துல "குடுக்கலாம் டாக்டர்"னு சொல்லிட்டேன். இப்ப தூக்கம் வரல.

தூக்கம் வராதது நல்லது தம்பி, அந்த மனசு உங்களுக்கு இருக்கணும். நாளைக்கே போங்க, அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்காதீங்க. உள்ள போயி "டாக்டர், நேத்து தெரியாம சொல்லிட்டேன், சரியான தகவல் கொண்டு வந்திருக்கேன்"னு சொல்லிட்டு, கம்பெனியோட மெடிக்கல் டீம் குடுத்த ப்ரிஸ்க்ரைபிங் இன்ஃபர்மேஷனை, அதாவது மருந்தை யாருக்கு எப்படிக் குடுக்கலாம்னு சொல்ற தாளை, டேபிள்ல வைங்க. திட்டுவாரோன்னு பயமா இருக்கும், திட்டினா வாங்கிக்கங்க. நாம விக்கிறது சோப்பு இல்ல, நீங்க பயத்துல சொன்ன ஒரு "குடுக்கலாம்" யாரோ ஒரு அம்மாவோட உடம்புக்குள்ள போகுது.

இனிமே தெரியாத கேள்வி வந்தா ஒரே பதில்தான், "தெரியல டாக்டர், கேட்டுட்டு வந்து சொல்றேன்". சொல்லிட்டு அவர் கண்ணு முன்னாடியே டைரியில தேதியோட எழுதுங்க, சொன்ன தேதிக்கு பதிலோட போங்க. என் அனுபவத்துல டாக்டருங்க பேர் ஞாபகம் வச்சுக்கிட்டது நல்லா பேசின ரெப்பை இல்ல, திரும்ப பதிலோட வந்த ரெப்பைத்தான். அதோட, தெரியலன்னு சொல்ற தைரியம் வந்துட்டா உங்க பயத்துல பாதி போயிரும், ஏன்னா "எதாவது கேட்டுட்டா என்ன பண்றது"ங்கிறதுதானே அந்தப் பயமே.

பரமக்குடி பையன், இப்ப கோயம்புத்தூர்: தமிழ் மீடியம்ணே. இங்க ரெப்புங்க எல்லாம் இங்கிலீஷ்லயே பேசுறாங்க. எனக்கு வாயே திறக்கல.

நானும் தமிழ் மீடியம்தான் தம்பி. டாக்டர் உங்களுக்கு குடுக்கப்போறது அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ, அந்த ஒரு நிமிஷத்துக்கு தேவையான இங்கிலீஷ் மொத்தமே எட்டு பத்து வாக்கியம், அதை மட்டும் பழகுங்க, இங்கிலீஷ் பூரா படிக்கணும்னு மலைச்சுப் போகாதீங்க. மருந்துப் பேரு, நோய்ப்பேரு உச்சரிப்பு மட்டும் சுத்தமா இருக்கணும், டெல்மிசார்ட்டன், பான்டோபிரசோல் மாதிரி பேரை எல்லாம் போன்ல ரெக்கார்ட் பண்ணி, பைக் எடுக்குறதுக்கு முன்னாடி ஒருதடவை கேளுங்க. நடுவுல தமிழ்ல சொன்னா யாரும் குறையா நினைக்க மாட்டாங்க, அந்த டாக்டரே வெளிய இருக்குற பேஷண்ட்டுகிட்ட காலையிலேர்ந்து தமிழ்லதான் பேசிட்டிருக்கார்.

இன்னொரு விஷயம், "ஏற்கெனவே டெல்மிசார்ட்டன் நூறு கம்பெனி போடுது, உன்னோடதுல என்ன புதுசு?"ன்னு கேப்பாங்க. பதறி ஏதாவது புதுசுன்னு சொல்லிறாதீங்க. இந்தியாவுல ஒரு வருஷத்துக்கு மேல கிடைக்கிற மருந்தை "புதுசு"ன்னு சொல்லக்கூடாது, சும்மா மொட்டையா "சேஃப்"னும் சொல்லக்கூடாது, மத்திய அரசு 2024 மார்ச்ல கொண்டு வந்த மார்க்கெட்டிங் விதிமுறையிலயே இருக்கு. "புதுசு இல்ல டாக்டர், விலை இவ்வளவு, உங்க கீழ இருக்குற மெடிக்கல்லயே ஸ்டாக் இருக்கு, பேஷண்ட் அலைய வேண்டாம்"னு சொல்லுங்க. உண்மையைச் சொல்லும்போது குரல் நடுங்குறது குறையும், இதை நான் எத்தனையோ பசங்ககிட்ட பாத்திருக்கேன்.

சேலம்: சார், கிஃப்ட் எல்லாம் நின்னுபோச்சு, வெறுங்கையோட உள்ள போக கூச்சமா இருக்கு.

நான் இப்ப சொன்ன அதே விதிமுறைதான், டாக்டருக்கோ அவங்க குடும்பத்துக்கோ சொந்த உபயோகத்துக்கு கிஃப்ட் கிடையாது. டைரி, காலண்டர், புக்கு மாதிரி அவங்க தொழிலுக்கு உதவுறது மட்டும், அதுவும் ஒண்ணு 1000 ரூபாய்க்குள்ள. சாம்பிள்னா ஒரு பேக் மூணு பேஷண்ட்டுக்கு மேல வராது, ஒரு டாக்டருக்கு ஒரு மருந்துல வருஷத்துக்கு 12 பேக் தான். டாக்டரைப் பாக்குறதுக்காக பணம் குடுக்கவும் கூடாது. புதுசா வந்த உங்களுக்கு இது நல்லதுதான் சார், முன்னாடி பெரிய கம்பெனி ரெப் பெட்டியோட போவான், சின்ன கம்பெனி பையன் ஓரமா நிப்பான். இப்ப எல்லாருமே வெறுங்கைதான், விஷயம் தெரிஞ்சவன் முன்னாடி நிக்கலாம்.

விருதுநகர், ஒரு மாசம்: கிளினிக் வாசல்ல பைக்லயே இருபது நிமிஷம் உக்காந்திருக்கேன். இறங்கவே முடியல.

டாக்டர்கிட்ட முதல்ல போகாதீங்க. பக்கத்துல இருக்குற மெடிக்கலுக்கு போங்க. "அண்ணே வணக்கம், இந்த டாக்டர் சீட்டுல இப்ப எந்த பிராண்ட் வருது?"ன்னு கேளுங்க, ஆர்சிபிஏ, அதாவது எந்த டாக்டர் எந்த மருந்து எழுதுறார்னு மெடிக்கல்ல கேட்டு எழுதுற வேலை, எப்படியும் பண்ணித்தானே ஆகணும். அங்க அஞ்சு நிமிஷம் பேசினா தொண்டை திறந்துரும், டாக்டர்கிட்ட பேச ஒரு விஷயமும் கிடைச்சிரும். அப்புறம் கம்பவுண்டர், ரிசப்ஷன்ல இருக்குற அக்கா, இவங்க பேரைக் கேட்டு வச்சுக்கிட்டு தினமும் நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க. தெரிஞ்ச முகம் ரெண்டு இருக்குற எடத்துக்குள்ள நுழையுறது அவ்வளவு கஷ்டமா இருக்காது.

ஈரோடு: டீ குடிச்சா தெம்பா இருக்கும்னு நாலஞ்சு டீ அடிக்கிறேன், சரியா?

ரெண்டோட நிறுத்துங்க தம்பி. ஏற்கெனவே படபடப்பு, அதுக்கு மேல கஃபீன் போனா கை இன்னும் நடுங்கும். காலையில சாப்பிடாம கிளம்பாதீங்க, தண்ணி பாட்டில் பேக்ல இருக்கட்டும்.

தஞ்சாவூர், பெண் ரெப்: அண்ணா, சில கிளினிக்ல ரெப்புங்கள ராத்திரி ஒன்பதரைக்கு மேலதான் கூப்பிடுறாங்க. ஆம்பளைங்க கூட்டத்துல நான் ஒருத்தி. ஒரு எடத்துல ஒருத்தர் பேச்சே சரியில்ல. மேனேஜர்கிட்ட சொன்னா "ஃபீல்டுன்னா அப்படித்தான், பயப்படாத"ங்கறார்.

தங்கச்சி, இதை மத்த கேள்வியோட சேக்கவே மாட்டேன். இது பயத்தை ஜெயிக்கிற விஷயம் இல்ல, உங்க உள்மனசு சரியா சொல்லுது, கேளுங்க. பணியிட பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரா 2013ல வந்த சட்டம் இருக்கு, அதுல பணியிடம்னா ஆஃபீஸ் மட்டும் இல்ல, வேலை விஷயமா நீங்க போற எந்த எடமும் பணியிடம்தான், கிளினிக்கும் அதுல வரும். 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற கம்பெனியில இதுக்குன்னு உள் குழு இருக்கணும், புகாரை எழுத்துல குடுங்க, என்ன தேதி, எந்த எடம், என்ன வார்த்தைன்னு அன்னைக்கே எழுதி வச்சுக்கங்க. மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும். அந்த டாக்டரை காலை ஓபிக்கு மாத்திக்க முடியலன்னா லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்லி மெயில் போடுங்க. ஒரு மேனேஜரா சொல்றேன், "அப்படித்தான்"னு சொன்னது தப்பு, அவர் உங்க கூட நின்னிருக்கணும்.

மதுரை, நாலு மாசம்: டாக்டரைக் கூட பாத்துருவேன்ணே, மேனேஜர் ஜாயின்ட் ஒர்க் வர்றார்னா முந்தின நாளே வயித்தைக் கலக்குது.

அவர் வர்றதுக்கு முன்னாடி நாளே நீங்க போன் பண்ணிருங்க. "சார் நாளைக்கு இந்த 10 டாக்டர், இதுல இந்த ரெண்டு பேர்கிட்ட எனக்கு வரமாட்டேங்குது, நீங்க பேசுங்க நான் பாக்குறேன்"னு சொல்லுங்க. குறையை நாமளே முதல்ல சொல்லிட்டா அவர் கண்டுபிடிச்சிருவாரோங்கற பயம் இல்ல, அவருக்கும் ஒரு வேலை குடுத்த மாதிரி ஆச்சு. கெமிஸ்ட் முன்னாடி வச்சு திட்டுற ஆளா இருந்தா சாயங்காலம் தனியா டீ குடிக்கும்போது "சார், கடையில வச்சு சொன்னா அடுத்த தடவை அவங்க என்னை மதிக்க மாட்டாங்க"ன்னு மரியாதையா சொல்லுங்க.

வேலூர்: மாசம் 28 தேதி ஆனா ஜுரம் வர்ற மாதிரி இருக்கு. மாசக் கணக்கு க்ளோசிங்க்கு, கடைங்களுக்கு மருந்து சப்ளை பண்ற ஸ்டாக்கிஸ்ட்டுக்கு ஆர்டர் இல்லாமலே சரக்கை ஏத்தச் சொல்றாங்க, இல்லன்னா கைக்காசு போட்டு வாங்கச் சொல்றாங்க.

கைக்காசு போடாதீங்க. ஒரு ரூபா கூட. ஒரு மாசம் போட்டா அடுத்த மாசம் அதுக்கு மேல டார்கெட் வரும், அப்புறம் கடன்தான், அப்படி மாட்டிக்கிட்ட பசங்களோட வீட்டுக்கு நான் போயிருக்கேன். தள்ளிவிட்ட சரக்கு எக்ஸ்பைரி ஆகி உங்க பேர்லயே திரும்பி வரும். ஸ்டாக்கிஸ்ட்கிட்ட 10 தேதிக்கும் 20 தேதிக்கும் போயி செகண்டரி, அதாவது அவர்கிட்டேர்ந்து கடைங்களுக்குப் போன சரக்கு, எவ்வளவு ஓடியிருக்குன்னு எழுதிட்டு வாங்க, 28 தேதி வரப்போற நம்பர் உங்களுக்கு 20 தேதியே தெரிஞ்சிரும், அதை மேனேஜருக்கு வாட்ஸ்அப்ல முன்கூட்டியே அனுப்பிருங்க.

ஊர் சொல்லல: அஞ்சு மாசமா ஞாயிறு ராத்திரி தூக்கம் இல்ல. காலையில வாந்தி. ரோட்ல போகும்போது திடீர்னு மூச்சு முட்டுது, செத்துருவேன்னு தோணுது. வீட்ல சோம்பேறிங்கறாங்க.

நீங்க சோம்பேறி இல்ல. முதல் வாரப் பதட்டம் நாள் ஆக ஆக குறையணும், அஞ்சு மாசமா கூடிட்டே வந்தா அதுக்கு வைத்தியம் பாக்கணும். தினமும் பத்து டாக்டரைப் பாக்குறோம், நமக்குன்னு ஒரு டாக்டரைப் பாக்க வெக்கப்படுறோம். முதல்ல ஒரு பொது மருத்துவரைப் பாருங்க, அவர் சொன்னா மனநல மருத்துவரையும் பாருங்க, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல அதுக்கு தனிப் பிரிவு இருக்கு. இன்னைக்கு ராத்திரியே யார்கிட்டயாவது பேசணும்னா 14416, மத்திய அரசோட டெலி மனஸ், எந்நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். வேலையை விடணுமா வேண்டாமாங்கறது உடம்பு சரியானப்புறம் யோசிக்கலாம், இப்ப முடிவெடுக்க வேண்டாம். பாத்துட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க, காத்திருப்பேன்.

சிவகங்கை, நாளைக்குத்தான் முதல் நாள்: அண்ணே, இந்தப் பயம் எத்தனை மாசத்துல போகும்?

ஆளுக்கு ஆள் மாறும் தம்பி. எனக்கு பழகின டாக்டருங்ககிட்ட ஆறு மாசத்துல போச்சு, புது டாக்டர் ரூமுக்குள்ள நுழையும்போது இன்னைக்கும் உள்ளங்கை லேசா வேர்க்குது. நாளைக்கு உங்க பிளான்ல இருக்குறதுல ரெப்புங்ககிட்ட நல்லா பேசுற டாக்டர் யாருன்னு ஏரியாவுல பழைய ரெப் யார்கிட்டயாவது இன்னைக்கே கேட்டு, அவரை முதல் விசிட்டா வச்சுக்கங்க. ஷூ புதுசுன்னா இன்னைக்கே போட்டு கொஞ்சம் நடந்து பழகுங்க, கால் கடிச்சா பேச்சும் வராது. எனக்கு ஆறு மணிக்கு கே.கே. நகர்ல ஓபி இருக்கு, கிளம்புறேன், மிச்சக் கேள்விக்கு நாளைக்கு தேனி போயிட்டு வந்து ராத்திரி எழுதுறேன்.