வெள்ளிக்கிழமை கட்டச் சொன்ன முன்பணம்

அம்மா, நேற்று மகளோடு வந்திருந்தீர்கள். நுண்ணுயிரியல் முதலாண்டு முடித்திருக்கிறாள். நீட் இரண்டாவது முறையும் கைகொடுக்கவில்லை. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சீட் வாங்கித் தருவதாகவும், வெள்ளிக்கிழமை முன்பணம் கட்ட வேண்டும் என்றும் ஏஜெண்ட் கொடுத்த தாளை எடுத்து வைத்தீர்கள். "பெரியப்பா வீட்டுல ரெண்டு டாக்டர், இவ மட்டும் பி.எஸ்சி.யா" என்று உங்கள் குரல் உடைந்தபோது, பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அது சரியில்லை என்று இரவே உறுத்தியது.

வெளிநாட்டில் படித்து வருகிறவர்கள் இங்கே மருத்துவம் பார்க்க எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேற வேண்டும். அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு முப்பது பேர்கூடத் தேறாத முறைகள் பல. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கப் போகிறீர்கள். வட்டி கட்டப் போவது பெரியப்பா இல்லை.

நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவள் தன் செல்போனில் ஒரு படம் காட்டினாள், கவனித்தீர்களா? செய்முறை வகுப்பில் எடுத்தது. அகர் என்ற கூழ் ஊற்றிப் பாக்டீரியா வளர்த்த இரண்டு தட்டு, ஒரே பாக்டீரியா, ஒரே ஆன்டிபயாடிக் வில்லை. ஒன்றில் வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வட்டம் பெரிது, மற்றதில் சிறிது. "அகர் கனமா ஊத்திட்டேனோன்னு ஸ்கேல் வச்சு அளந்தேன் சார்" என்றாள். அவள் சந்தேகப்பட்டது நியாயம்தான். அகர் தடித்தால் வட்டம் சுருங்கும். அதனால்தான் இந்தச் சோதனைக்கு 4 மில்லிமீட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். யாரும் சொல்லாமலே அளந்து பார்த்திருக்கிறாள்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டம். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் நடத்தும் இதுபோன்ற திட்டம் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு, அது இவளுக்குப் பொருந்தாது.) தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை. மாத உதவித்தொகையும் தருவார்கள், பயணப் படியும் உண்டு.

மாணவி கையில் என்ன வேலை கொடுத்துவிடுவார்கள் என்று கேட்பீர்கள். 1921 கோடையில் கனடாவின் டொராண்டோவில் டாக்டர் பான்டிங்கோடு இன்சுலின் ஆய்வில் இறங்கிய சார்லஸ் பெஸ்டுக்கு வயது 22. எல்லோருக்கும் அப்படி அமையாது. முதல் இரண்டு வாரம் திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டில் இரண்டு மைக்ரோலிட்டர் சரியாக எடுக்கப் பழகுவதிலேயே போகும். செல் வளர்க்கும் ஊட்டத் திரவம் இளஞ்சிவப்பாக இருக்கும். பாக்டீரியா புகுந்துவிட்டால் மறுநாள் காலை மஞ்சளாகிக் கலங்கி நிற்கும். மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். நோட்டில் தேதி போட்டு, எங்கே தப்பு நடந்திருக்கும் என்று எழுத வேண்டும். வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லவும் வேண்டும். அந்த நோட்டைப் பார்த்து விஞ்ஞானி எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம் பிற்பாடு முதுகலைக்கும் பி.எச்டி.க்கும் பெரிய துணை. இந்த வேலை தனக்கு ஒத்துவராது என்று தெரிந்தாலும் போனது இரண்டு மாதம்தான், ஆறு வருடம் இல்லை.

விண்ணப்பம் ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஆசிரியரின் பரிந்துரையும், என்ன செய்ய விரும்புகிறாள் என்ற சிறு குறிப்பும் வேண்டும். "சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்க வேண்டாம், அந்த இரண்டு தட்டை எழுதட்டும். செய்முறை வகுப்பில் உடன் இருந்த பேராசிரியரிடமே கடிதம் கேட்கட்டும். அப்புறம், தன் கேள்விக்கு நெருக்கமாக வேலை செய்யும் விஞ்ஞானிகளின் கட்டுரையில் ஒன்றிரண்டையாவது படித்துவிட்டு விண்ணப்பிக்கட்டும். இடம் கிடைக்காமலும் போகலாம், போட்டி அதிகம். அப்போது ஆய்வகங்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதலாம். ஆனால் "சான்றிதழோடு பயிற்சி, கட்டணம் இவ்வளவு" என்று வரும் விளம்பரம் எதற்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பெரியப்பாவிடம் பேச வேண்டுமென்றால் நானே பேசுகிறேன், என் எண்ணைக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பணத்தை மட்டும் கட்டிவிடாதீர்கள்.