காஷர் நோய்: கிருஷ்ணகிரியிலிருந்து எங்கே போவது?

மகளுக்குக் காஷர் நோய் (உடலில் ஒரு என்சைம் குறைவதால் வரும் அரிய பரம்பரை நோய்) உறுதியாகிவிட்டது, கையில் பணமில்லை, எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். கிருஷ்ணகிரிக்குப் பக்கம் பெங்களூருதான். அங்கே இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனையில், அரிய நோய்களுக்கான சிறப்பு மையத்தில் பதிவு செய்யுங்கள். என்சைம் பரிசோதனை முடிவை மறக்காமல் எடுத்துப் போங்கள். நோய் வகை 1 அல்லது 3 என்று மருத்துவர் சொன்னால் அரசு உதவி கேட்க வழி உண்டு.

அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கைப்படி மத்திய அரசு தருவது 50 லட்சம் ரூபாய் வரை. பெரிய தொகைதான். ஆனால் ஆயுள் முழுக்கப் போட வேண்டிய மருந்து. குழந்தையின் எடை கூடக் கூடச் செலவும் கூடும். அதனால் பணம் தீரும்வரை காத்திருக்காமல், மருந்து நிறுவனங்களின் இலவச உதவித் திட்டம் பற்றி மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் பயணச் செலவு. என் அக்கா மகனுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அக்காவுக்கு ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் கைக்காசுதான்.