வேலூரிலிருந்து குடும்பத்தோடு தீம் பார்க்: குழுச் சுற்றுலாவில் சேரலாமா, தனியாகப் போகலாமா?

கேள்வி இதுதான்: வேலூரிலிருந்து வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் தீம் பார்க் போய்வர வேண்டும். வழிகாட்டியோடு பஸ்ஸில் போகும் குழுச் சுற்றுலா நல்லதா, சொந்தமாகக் காரில் போவது நல்லதா?

சேரலாம். ஆனால் பணம் கட்டும் முன் ஏசி பஸ்ஸா, காலையில் பொங்கலா இட்லியா என்று கேட்பதை விட்டுவிட்டு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: "உள்ளே போனதும் எங்களை எப்படிப் பிரிப்பீங்க, மறுபடி எங்கே சேர்ப்பீங்க?" அதற்கு, "பிரிக்கிறதே இல்லம்மா, எல்லாரும் ஒண்ணாவே இருப்போம், கவலையே படாதீங்க" என்று பதில் வந்தால் கொஞ்சம் கவலைப்படுங்கள். எங்களுக்கு வந்தது அந்தப் பதில்தான்.

நாங்கள் வேலூர் சத்துவாச்சாரி. 2024 மே மாதம் பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் இருக்கிற வொண்டர்லா தீம் பார்க்குக்குப் போனோம். நான், வீட்டுக்காரர், 12 வயதுப் பெண், 9 வயதுப் பையன், மாமியார், கொழுந்தனார், என் ஓரகத்தி, அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை. எட்டுப் பேருக்கு ஒரு கார் பத்தாது. இரண்டு கார் எடுத்தால் ஓட்டிக்கொண்டு போகிற அண்ணனும் தம்பியும் அங்கே போய்ச் சேரும்போதே பாதி செத்திருப்பார்கள். அதனால்தான் குழுச் சுற்றுலா. பெரியவர்களுக்கு ஆளுக்கு 2,600 ரூபாய், பிள்ளைகளுக்கு 2,200. கர்நாடகாவுக்குள் நுழைய பஸ்ஸுக்கு பர்மிட் காசு தனி என்று புறப்படும்போதுதான் சொன்னார்கள். தமிழ்நாட்டுச் சுற்றுலா வண்டி எல்லை தாண்ட பர்மிட் வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். அதை முதலிலேயே தொகையில் சேர்த்துச் சொல்ல என்ன கஷ்டமோ! நீங்கள் போனால் இதையும் கேட்டுவிடுங்கள்.

கிரீன் சர்க்கிளில் காலை நான்கு மணி என்றார்கள், பஸ் கிளம்பும்போது நாலே முக்கால். பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று வழக்கமான பாதை. ஆம்பூர் தாண்டும்போது பின் சீட்டில் ஒருவர் பிரியாணி வாசனை வருகிறது என்றார். விடியாத நேரத்தில் வருவதெல்லாம் வாசனை இல்லை, ஆசை. கிருஷ்ணகிரி தாண்டி டிபன். ஓசூர், அத்திப்பள்ளி. பெங்களூருக்குள் போய் மாட்டாமல் ஓசூர் ரோட்டிலிருந்து ஊருக்கு வெளியே சுற்றிப் போகும் நைஸ் ரோடு பிடித்து மைசூர் ரோட்டுக்கு வந்தார் டிரைவர். அந்த ஒரு காரியத்துக்காக அவருக்குக் கோயில் கட்டலாம். கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர். பூங்கா வாசலுக்குப் போகும்போது மணி பதினொன்று. பிடதி என்றால் தட்டு இட்லி என்பார்கள். அதைச் சாப்பிட நேரமில்லை. மாமியாருக்கு இன்னும் அந்தக் குறை இருக்கிறது.

எங்கள் வழிகாட்டிக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். நல்ல பையன், அதில் சந்தேகமே இல்லை. கையில் ஆரஞ்சுக் கொடி, கழுத்தில் விசில். "எல்லாரும் கொடியைப் பார்த்துக்கினே வாங்க, யாரும் தனியா போகாதீங்க." 46 பேர் கொடி பின்னால் போனோம். முதலில் அவர் கூட்டிப் போனது ரீகாயில் என்ற ரோலர் கோஸ்டருக்கு. கூட்டம் சேரும் முன்பே பெரியதை முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பில்லை, ஆள்தான் தப்பு. ஐம்பது நிமிடம் நின்று வாயில் பக்கம் போனபோதுதான் அந்தக் கம்பத்தைப் பார்த்தோம். 140 சென்டிமீட்டரில் ஒரு கோடு.

என் பையன் அன்றைக்கு 131.

எங்கள் கூட்டத்தில் பதினேழு பேர் அந்த இடத்திலிருந்து திரும்பி வந்தார்கள். கோட்டுக்குக் கீழே இருந்த பிள்ளைகள், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கையில் குழந்தை வைத்திருந்த என் ஓரகத்தி, மூட்டுவலியோடு ஐம்பது நிமிடம் நின்ற என் மாமியார். பையன் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. கம்பத்தில் முதுகை ஒட்டி நின்று, குதிகாலைக் கொஞ்சம் தூக்கி, அங்கே நின்ற பணியாளர் சிரித்துக்கொண்டே அவன் தோளை அழுத்தியதும் பேசாமல் இறங்கி வந்துவிட்டான்.

அந்தப் பணியாளர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்தக் கோடு சும்மா போட்டதில்லை. தோளுக்கு மேலிருந்து இறங்கி நெஞ்சை அணைக்கும் பூட்டு ஒரு குறிப்பிட்ட உடம்பு அளவுக்குச் செய்தது. ஆள் சின்னதாக இருந்தால் பூட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி விழும், வண்டி தலைகீழாகச் சுற்றும்போது அந்த இடைவெளிதான் ஆபத்து. இந்த ரீகாயில் முன்பக்கமாகத் தலைகீழாகச் சுழன்று போய், வந்த வழியே பின்பக்கமாகவும் திரும்பி வரும். வீட்டுக்காரர் இறங்கி வந்து "ஒண்ணுமே இல்ல" என்றார். ஒரு வாரம் கழுத்தைத் திருப்பவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த மாதிரி பூங்காவில் எங்களைப் போல் பெரியவரும் சின்னவரும் கலந்த எந்தக் குடும்பமும் முழுசாக ஒன்றாக இருக்க முடியாது. அந்த 140 கோடு குடும்பத்தை இரண்டாக வெட்டிவிடும். மூட்டும் ரத்த அழுத்தமும் இன்னொரு துண்டு போடும். அதைப் புரிந்துகொண்டு முதலிலேயே பிரித்து விடுகிறவர்தான் வழிகாட்டி. கொடி பிடிக்கிறவரெல்லாம் வழிகாட்டி ஆகிவிட மாட்டார்.

எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது மாமியார். அவர் குடியாத்தத்துப் பெண். அங்கே வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் போனதும் அந்தத் திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு அந்த வழிகாட்டித் தம்பியைக் கூப்பிட்டார்.

"இன்னாப்பா, இத்தினி பேரையும் ஒரே கயித்துல கட்டி இட்டுக்கினு போறியா? சிரசு திருவிழாக் கூட்டத்துலயே மூணு புள்ளைங்கள தொலைக்காம கொண்டாந்தவ நானு. கூட்டத்துல கைய புடிச்சிக்கினே இருந்தா கை வலிக்கும், புள்ள தொலையும். எந்த இடம், எத்தினி மணின்னு சொல்லிட்டு வுட்டுடணும்."

தம்பி முதலில் மழுப்பினார். யாராவது தொலைந்தால் முதலாளி தன்னைத்தான் கேட்பார் என்றார். அது நியாயமான பயம்தான். அப்புறம் மற்ற குடும்பங்களும் மாமியார் பக்கம் சேர்ந்துகொண்டதும் சரி என்றார். கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் ஒரு அணி, கீழே இருக்கும் பிள்ளைகளும் அவர்களுக்குத் துணையாக ஆளுக்கொரு பெரியவரும் ஒரு அணி, உட்காருகிறவர்கள் ஒரு அணி. சாப்பாட்டுக் கூடத்துக்கு எதிரே இருந்த நிழல் பெஞ்சு மாமியாரின் தலைமைச் செயலகம். ஒன்றரைக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை எல்லாரும் அங்கே தலையைக் காட்ட வேண்டும்.

போனில் பேசிக்கொண்டால் போதாதா என்று நினைப்பீர்கள். தண்ணீர்ப் பக்கம் போனால் போன் லாக்கருக்குள் போய்விடும். பெரிய ராட்டினங்களிலும் பையில் எதுவும் வைத்திருக்க விட மாட்டார்கள். அதனால் இடமும் நேரமும் வாயால் பேசி முடித்துவிடுவதுதான் ஒரே வழி. பிள்ளைகள் கையில் பழைய கைக்கடிகாரம் ஒன்று கட்டி அனுப்புங்கள், தண்ணீர் போகாததாகப் பார்த்து.

இதற்கப்புறம்தான் அந்தத் தம்பி உண்மையிலேயே உபயோகமானார். அவருக்கு அந்த இடம் உள்ளங்கை மாதிரி தெரியும். மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் எந்த வரிசை காலியாக இருக்கும், லாக்கர் சாவியை யார் வைத்துக்கொள்ள வேண்டும், எந்தக் கழிப்பறையில் கூட்டம் இல்லை, எல்லாம் சொன்னார். மூன்று அணிக்கும் நடுவே விசிலோடு ஓடிக்கொண்டே இருந்தார். கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை உள்ளே விடமாட்டார்கள் என்பதை மட்டும் வேலூரிலேயே சொல்லியிருக்கலாம். அது பஸ்ஸிலேயே தங்கி, திரும்பி வரும்போது எங்களைக் காப்பாற்றியது வேறு கதை.

துணி விஷயம் பெண்கள் கவனிக்க வேண்டியது. தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் அல்லது நீச்சல் துணிதான். புடவை, காட்டன் சுடிதார், ஜீன்ஸ் எதுவும் ஆகாது. என் ஓரகத்தி புது காட்டன் சுடிதார் போட்டு வந்து திருப்பி அனுப்பப்பட்டாள். அங்கேயே கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு, மானம் போகிறது என்று கொஞ்ச நேரம் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். காட்டன் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், ஜிப்பும் பித்தானும் சறுக்கு மரத்தைக் கீறும், துப்பட்டா எதிலாவது மாட்டினால் கழுத்துக்கே வரும். காரணம் தெரிந்தால் கோபம் வராது. வேலூரிலேயே வாங்கிக்கொண்டு போனால் காசும் மிச்சம்.

இன்னொன்று குளிர். நம் ஊர் மே மாதத்து வெயிலில் வேர்த்துக் கிளம்பி வருகிறோம். பெங்களூரு மேட்டு நிலம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். நம் ஊர் 200 மீட்டர் சொச்சம். பகலில் நன்றாக இருக்கும், மேகம் மூடியதும் ஈரத் துணியோடு நிற்கும் வேலூர்ப் பிள்ளைகள் உதடு நீலமாகி நடுங்கும். ஆளுக்கு இரண்டு துண்டு வேண்டும். ஒன்று போதும் என்று நினைத்தேன், போதவில்லை.

என் பையனுக்கு அலைக் குளம் கிடைத்தது. சங்கு ஊதினதும் அலை கிளம்பும். ஒவ்வொரு தடவை ஊதும்போதும் அவனும் கூடவே ஊளையிட்டான். ரோலர் கோஸ்டரை மறந்துவிட்டான் என்று நினைத்தேன். மறக்கவில்லை, கீழே சொல்கிறேன்.

நாலு மணிக்கு மழை. பெங்களூரில் மே மாதச் சாயங்காலம் என்றால் எதிர்பார்க்க வேண்டியதுதான். இடி, மின்னல் என்றால் உயரமான ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். கூட்டம் மொத்தமும் கூரை தேடி ஓடியது. நல்லவேளை, எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்திருந்தது. பத்து நிமிடத்தில் 42 தலை எண்ணியாகிவிட்டது. நாலு பேர் மட்டும் காணோம், காட்பாடிக் குடும்பம் ஒன்று. தம்பிக்கு வெளிறிப்போய்விட்டது. அப்புறம் பார்த்தால் அவர்கள் மழை நடனம் நடக்கும் கூடத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மேலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, பாட்டு போடுகிறார்கள். வெளியே நிஜ மழை பெய்வது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மாமியார் பற்றி ஒன்று. அவர் நாள் முழுக்க ஒரு ராட்டினத்திலும் ஏறவில்லை. இரண்டு வயதுக் குழந்தை அவர் மடியில் தூங்கியது. அவருக்கும் 2,600 தான் வாங்கினார்கள். வாசலில் விலைப்பட்டியலைப் பார்த்தபோது மூத்த குடிமக்களுக்கு டிக்கெட் குறைவு என்று இருந்தது. ஏற்பாட்டாளரிடம் போனில் கேட்டபோது "குரூப் ரேட்டும்மா, எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். 60 வயது தாண்டியவர்கள், கைக்குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு எவ்வளவு என்று முதலிலேயே பிரித்துக் கேளுங்கள். சலுகைக்கு அசல் ஆதார் அட்டை எடுத்துப் போங்கள்.

ஆறேகாலுக்கு பஸ் ஏறி, நள்ளிரவு தாண்டி அரை மணி நேரத்தில் கிரீன் சர்க்கிள். வழியில் நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை, புளிசாதம் தவிர.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாலு பேர், ஒரு கார், பிள்ளைகள் எல்லாரும் 140க்குக் கீழே என்றால் தனியாகவே போங்கள். பிரிய வேண்டிய அவசியம் வராது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசில் பெட்ரோல் போடலாம். பெரிய குடும்பம், வயதானவர்கள், ஒரு பிள்ளை கோட்டுக்கு மேலே ஒரு பிள்ளை கீழே என்றால் குழுச் சுற்றுலா நல்லது, மேலே சொன்ன கேள்விக்கு ஒழுங்கான பதில் வந்தால். கிளம்பும் முன் வீட்டிலேயே பிள்ளைகளைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி அளந்துவிடுங்கள். எது கிடைக்கும் எது கிடைக்காது என்று அங்கே போய்த் தெரிவதைவிட வீட்டில் தெரிவது மேல்.

பிடதி தூரம் என்று தோன்றினால், அதே நிறுவனத்தின் பூங்கா 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கமும் திறந்துவிட்டது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக நமக்கு 140 கிலோமீட்டர் போல வரும். விடியாத நேரத்தில் பிள்ளைகளை எழுப்ப வேண்டாம், எல்லையும் இல்லை, பர்மிட்டும் இல்லை.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுதான் இப்போது ஓடுகிறது. சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள், 131-இலிருந்து மேலே மேலே ஏறுகின்றன. மாதா மாதம் பையன் ஸ்கேலைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், அக்காதான் கோடு போட வேண்டும், ஏனென்றால் அவள் ஏமாற்ற விடமாட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை 138½. முடியைச் சேர்க்காமல்.