கண்ணாடி வியர்க்கிறது, மரம் மக்குகிறது: வாசகர் கேள்விகள்

குளிர் தொடங்கியதும் எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை மர ஜன்னலில் வழியும் தண்ணீரைப் பற்றித்தான்.

விடிந்து பார்த்தால் படுக்கையறைக் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழிகிறது. மரச்சட்டம் ஈரத்தை இழுத்து வெளியே விடுகிறதா?

மரத்தின் மேல் பழி போடாதீர்கள். அது அறைக் காற்றில் இருந்த தண்ணீர். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், கண்ணாடி 12 டிகிரிக்கு இறங்கியதுமே நீர் கோக்கத் தொடங்கிவிடும். ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் 9 டிகிரி வரை பிரச்சினை இல்லை.

இரண்டு பேர் மூடிய அறையில் தூங்கினால், மூச்சும் வியர்வையும் சேர்ந்தே விடிவதற்குள் அரை லிட்டர் அளவுக்கு ஈரத்தைக் காற்றில் ஏற்றிவிடும். அறைக்கதவைச் சற்று ஒருக்களித்து வையுங்கள். கனமான திரைச்சீலை அறையின் சூட்டைக் கண்ணாடிக்குப் போகவிடாது. அதனால் கண்ணாடி இன்னும் குளிர்ந்துபோகும். ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விடலாம். காலையில் முதல் வேலையாக வழிந்த நீரைத் துணியால் ஒற்றியெடுங்கள். சட்டத்தைக் கெடுப்பது கண்ணாடியில் படியும் ஆவி அல்ல, கீழே இறங்கித் தேங்கும் தண்ணீர்.

வெளியே ஒரே மழை. ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வராதா?

குளிர்ந்த மழை என்றால் தைரியமாகத் திறக்கலாம். 10 டிகிரியில் முழுக்க ஈரமேறிய காற்றுகூட, உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் ஈரப்பதம் 50 சதவீதத்தைச் சற்றே தாண்டி நின்றுவிடும். எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் அகலத் திறந்து மூடினால் போதும். வெளியே புழுக்கம் என்றால் கதையே வேறு. அப்போது மூடி வைத்து, காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் கருவியைப் போடுங்கள்.

எங்கள் வீட்டில் ஏ.சி. போட்டால் கண்ணாடியின் வெளிப்பக்கம் நனைகிறது.

அது வெளிக்காற்றின் ஈரம். ஏ.சி. காற்று நேராகக் கண்ணாடியில் படாதபடி திருப்புங்கள், வெப்பநிலையை ஓரிரு டிகிரி ஏற்றுங்கள். வெளிப்பக்க பெயிண்டில் விரிசல் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி.

இரட்டைக் கண்ணாடி ஜன்னல். இரண்டுக்கும் நடுவில் ஆவி நிற்கிறது.

இரண்டு கண்ணாடிகளின் ஓரத்தையும் காற்றுப் புகாமல் அடைக்கும் சீல் போய்விட்டது. துடைக்கவும் முடியாது, தானாகச் சரியாகவும் ஆகாது. பெரும்பாலும் கண்ணாடி யூனிட்டை மட்டும் மாற்றினால் போதும். மரச்சட்டம் நன்றாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

கீழ்ச்சட்டத்தில் கறுப்புப் புள்ளிகள், பெயிண்ட் உரிகிறது. மேலே இன்னொரு கோட் அடித்துவிடலாமா?

கூடவே கூடாது. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். முதலில் ஸ்க்ரூடிரைவர் முனையால் கீழ் மூலைகளில், இரண்டு சட்டங்கள் சேரும் இடத்தில், அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் மரம் அங்கேதான் முதலில் இத்துப்போகும். மாவு போல உள்ளே இறங்கினால் தச்சரைக் கூப்பிட்டு, அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புது மரம் ஒட்டவைக்க வேண்டும்.

கெட்டியாக இருந்தால் நீங்களே செய்யலாம். பூஞ்சணத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். அதற்கு மேல் நீடித்தால் மக்கும் ஆபத்து உண்டு. அப்புறம் முகமூடி அணிந்து உப்புத்தாள் தேய்த்து, கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் புட்டிப் பூச்சு வெடித்திருந்தால் அதைச் சுரண்டிப் புதிதாக வைத்து, ப்ரைமர், அதன் மேல் பெயிண்ட். பலர் தவறவிடும் ஒன்று: பெயிண்டைப் புட்டியின் விளிம்போடு நிறுத்தாமல் கண்ணாடியின் மேல் 2 மில்லிமீட்டர் ஏற்றி அடியுங்கள். அந்த மெல்லிய கோடுதான் வழியும் நீரை இடுக்குக்குள் போகவிடாமல் தடுக்கும். அழகுக்காக அதை பிளேடால் சுரண்டிவிடாதீர்கள்.

ஜன்னலோரம் கிண்ணத்தில் உப்பு வைத்தால் ஈரம் இழுக்குமா?

கொஞ்சம் இழுக்கும். ஆனால் அறைக்குள் ஒரு கொடி நிறையத் துணி காயப்போட்டால் லிட்டர் கணக்கில் நீர் காற்றில் ஏறுகிறது. கிண்ணம் அதன் முன் எம்மாத்திரம்? புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரும் அப்படித்தான்: 1 கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ நீராவி வரும். துணியை வெளியே காயப்போட்டு, சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். உப்பைச் சமையலுக்கே வைத்துக்கொள்ளலாம்.