டன்ஜன் மாஸ்டரில் அப்படி என்ன புதுமை?

1987இல் அட்டாரி எஸ்டி கணினிக்கு வந்த டன்ஜன் மாஸ்டர் என்ற கணினி விளையாட்டை ஏன் இன்றும் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கியக் காரணம், நேரம் நிற்காது. அதற்கு முந்தைய நிலவறை விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் நாம் யோசித்து முடிக்கும்வரை எதிரி காத்திருப்பான். இங்கே நெருப்புப் பந்து வீச, முதலில் வலிமைக்கான மந்திர எழுத்து, பிறகு ஃபுல், இர் என்னும் மந்திர எழுத்துகள் என ஒவ்வொன்றாகச் சொடுக்க வேண்டும். அதற்குள் மம்மி எனும் துணி சுற்றிய பிண அரக்கன் வந்து அடித்துவிடும். கண்ணாடிகளில் உறையும் 24 வீரர்களில் நால்வரை நம் அணிக்குத் தேர்ந்தெடுக்கலாம். அவர்களுக்குப் பசிக்கும், தாகமெடுக்கும். தீப்பந்தமும் மங்கிக்கொண்டே போகும். எனக்கு மிகவும் பிடித்தது கதவுதான். எதிரி வாசலில் நிற்கும்போது பொத்தானை அழுத்துங்கள், கதவு சரியாக எதிரியின் தலையில் இறங்கும். வாளே தேவையில்லை!