அரை டன் டிரம்மும் ஒரு விளக்கும்

வணக்கம் ஐயா. மலேசியாவில் பீடோர் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஃபிட்டராக வேலை செய்கிறேன். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மழை பெய்தாலே கரண்டு போய்விடுகிறது. வீட்டுக்குப் பின்னால் பழைய தண்ணீர்த் தாங்கியின் இரும்புக் கோபுரம் 6 மீட்டர் உயரத்தில் சும்மா நிற்கிறது. எண்ணெய் டிரம்மில் கான்கிரீட் கொட்டி, பகலில் சோலாரில் ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் எடுக்கலாமா? பேட்டரி வாங்கி மாளவில்லை. கைவசம் செயின் பிளாக் (கையால் சங்கிலி இழுத்துச் சுமை தூக்கும் கருவி) இருக்கிறது. ஒரு விளக்கும் காற்றாடியும் ஓடினால் போதும்.
மு.சே.

அன்புள்ள மு.சே.,

எடுக்கலாம். எவ்வளவு என்பதில்தான் இடிக்கிறது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் வைத்துப் பெருக்கி, 367ஆல் வகுங்கள். வாட் மணி வந்துவிடும். 200 லிட்டர் டிரம் நிறையக் கான்கிரீட் என்றால் சுமார் 500 கிலோ. 6 மீட்டருக்கு 8 வாட் மணி. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே 15க்கு மேல் பிடிக்கும்.

அந்த எட்டும் முழுசாகக் கைக்கு வராது. டிரம் ஒரு மணி நேரம் இறங்க வேண்டும் என்று வையுங்கள். 16 சென்டிமீட்டர் உருளையில் கம்பி சுற்றியிருந்தால் உருளை மொத்தமே 12 சுற்றுதான் சுற்றும். சின்ன ஜெனரேட்டருக்கோ நிமிடத்துக்கு 600 சுற்றாவது வேண்டும். அதாவது 3000 மடங்கு வேகம் கூட்ட வேண்டும். ஐந்துக்கு ஒன்று பல்சக்கரம் ஐந்து அடுக்கு. அடுக்குக்குப் பத்தில் ஒரு பங்கு உராய்வில் போனால் மிஞ்சுவது 59 சதவீதம். ஜெனரேட்டரும் தன் பங்கைத் தின்றபின் 3 வாட் மணி தேறலாம். 3 வாட் எல்இடி ஒரு மணி நேரம் எரியும். காற்றாடியை மறந்துவிடுங்கள்.

செயின் பிளாக் ஏற்றத்தான் உதவும். சுமை தானாக இறங்காதபடி உள்ளேயே பிரேக் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வார்ம் கியரும் (திருகு சுற்றும் பல்சக்கரம்) பெரும்பாலும் அப்படியே, பின்னாலிருந்து தள்ளினால் சுற்றாது. நேர்ப்பல் சக்கரமோ சங்கிலியோதான் சரி.

ஆபத்து இன்னொரு பக்கம் இருக்கிறது. ஜெனரேட்டரை அடக்கி வைத்திருப்பது விளக்கு இழுக்கும் கரண்டுதான். வயர் கழன்றால் பிடிப்பு போய், டிரம் வேகமெடுக்கும். வேகம் கூடினால் தானே இறுக்கும் மையவிலக்கு பிரேக் இல்லாமல் தொங்கவிடவே கூடாது. கம்பிக்கயிறு 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கயிற்று முனையை மடித்துப் பிடிக்கும் கிளிப் குறைந்தது மூன்று. யு வளைவு வெட்டுமுனைப் பக்கமும், சேணம் (கிளிப்பின் அடிக்கட்டை) சுமை இழுக்கும் பக்கமும் இருக்கட்டும். மாற்றிப் போட்டால் வளைவு சுமைக்கம்பியை நசுக்கிவிடும். நம் ஊர் மழைக்குத் துருவும் சேரும். கோபுரத்தடியில் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்பதையும் யோசியுங்கள்.

ஆட்டோகேட்டுக்கு (தானே திறக்கும் வாசல் கதவுக்கு) போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரியில் 84 வாட் மணி இருக்கிறது. பாதி எடுத்தாலும் 42. உங்கள் டிரம் பதினான்கு சேர்ந்தால்தான் அவ்வளவு வரும். ஈய பேட்டரி சீக்கிரம் சாவதற்குக் காரணம், பெரும்பாலும் அடிவரை காலி செய்து அப்படியே போட்டுவைப்பதுதான். பாதிக்குக் கீழே இறக்காதீர்கள், உடனே சார்ஜ் ஏற்றுங்கள்.

எடையை இறக்கி மின்சாரம் எடுப்பது பொய்யில்லை. 2021இல் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் 15 மீட்டர் கோபுரத்தில் 25 டன் எடை இரண்டைத் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். 250 கிலோவாட் கிடைத்தது, அதுவும் நொடிக்கணக்கில்தான். மலை உயரம் இருந்தால்தான் கட்டுப்படியாகும். உங்களுக்குப் பக்கத்திலேயே, கேமரன் மலைத் தண்ணீர் தாப்பா பக்கம் இறங்கி விசையாழியைச் சுற்றுவதும் இதே கணக்குதான். அங்கே சுமையை மேலே ஏற்றும் வேலையை மழை செய்துவிடுகிறது.

உங்கள் பக்கம் ஓடை இருக்கிறதா? நொடிக்கு 5 லிட்டர் தண்ணீர் 20 மீட்டர் இறங்கினால், பாதி இழப்பு போக 490 வாட் இரவும் பகலும் கிடைக்கும். 20 லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று வறட்சியில் ஒருமுறை, மழையில் ஒருமுறை பாருங்கள். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனையிலும் நீர்மட்டம் ஒன்றாக நிற்பதை வைத்து, படிப்படியாக உயரத்தையும் அளந்து எழுதுங்கள். குழாய் எத்தனை அங்குலம் என்று சொல்கிறேன். தோண்டுவதற்கு முன் ஓடையில் கை வைக்க அனுமதி வேண்டுமா என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.